வாகனக் கேள்வி பதில்: பெற்றோல் பில்டரை வீட்டு முற்றத்திலேயே மாற்றலாமா?

இந்த முறை, எரிபொருளில் வரும் தூசைப் பிடிக்கிற பில்டர் பற்றியே பல கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் 1997 ஆம் ஆண்டு நிசான் சன்னி, எஃப்பி 14 இருக்கிறது. ஊருக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. போன மாதம் குடும்பத்தோடு வவுனியா போனோம். கிளிநொச்சி தாண்டி ஒரு லொறியை முந்துவதற்கு மிதித்தால் கார் எழும்பவில்லை, உதறியது. காலைத் தளர்த்தி மெல்லப் போனால் சரியாகிவிட்டது. கராஜில் கேட்டதற்கு, பெற்றோல் பில்டர் அடைத்திருக்கும் என்றார்கள். வீடியோவில் பார்த்தால் பத்து நிமிட வேலையாகத் தெரிகிறது. நானே மாற்றலாமா அண்ணா?
கொக்குவில் வாசகர்

பதில்: மாற்றலாம் தம்பி. உங்கள் சன்னியில் அது பொனற்றைத் திறந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில்தான் இருக்கிறது. எஞ்சினுக்குப் பின்னால், எஞ்சின் அறையையும் காரின் உட்பக்கத்தையும் பிரிக்கிற தகரச் சுவர்ப் பக்கமாக, கைக்குள் அடங்குகிற ஒரு தகர டப்பா போல, உள்ளே வர ஒரு ரப்பர் குழாயும் வெளியே போக ஒரு குழாயுமாக இருக்கும். காருக்கு அடியில் படுக்கவோ ஜக் போடவோ தேவையில்லை. ஆனால் பத்து நிமிட வேலை என்று நினைத்துத் தொடங்காதீர்கள். கழற்றிப் பூட்டுவது மட்டும்தான் பத்து நிமிடம். அதற்கு முன் செய்ய வேண்டியதையும் பிறகு பார்க்க வேண்டியதையும் சேர்த்தால் ஒரு காலைப்பொழுது போய்விடும், போகத்தான் வேண்டும்.

முதலில் நோய் அதுதானா என்று பாருங்கள். நீங்கள் சொல்கிற அடையாளம் பில்டருக்குப் பொருந்துகிறது. மெல்ல ஓடும்போது எஞ்சினுக்குக் கொஞ்சப் பெற்றோல் போதும், அரைவாசி அடைத்த பில்டரும் அதைக் கொடுத்துவிடும். மிதித்துப் பிடிக்கும்போதுதான் நிறையத் தேவை, அப்போதுதான் குறை வெளியே தெரியும். நம்முடைய யாழ்ப்பாணம் தட்டை நிலம், ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதனால் இங்கே வருடக்கணக்கில் அடைத்துக்கொண்டே போகிற பில்டர் ஒரு சத்தமும் போடாமல் இருந்துவிட்டு, ஏ9 வீதியில் 80 கிலோமீற்றர் வேகத்தில் முந்தும்போதோ, மாத்தளையில் இருந்து கண்டிக்கு ஏறும்போதோ, ஐந்து பேரும் ஏசியுமாகக் காலை வாரிவிடும். ஆனால் இதே உதறல் பழைய பிளக்காலும் வரும், வலுக்குறைந்த பெற்றோல் பம்பாலும் வரும். கராஜில் அழுத்தமானி இருந்தால் ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் கடைசியாக எப்போது பில்டர் மாற்றியது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், மாற்றுவதில் நட்டம் இல்லை. பெரும்பாலான கார்களுக்கு 40,000 கிலோமீற்றர் கணக்குச் சொல்வார்கள், நான் 30,000 ஐத் தாண்டவிடுவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். பழைய காபிரேற்றர் காரில் பில்டர் குழாயை இழுத்தால் நாலு சொட்டுப் பெற்றோல் கையில் விழும், அவ்வளவுதான். உங்களுடையது இன்ஜெக்ரர் கார், பம்ப் அழுத்தத்தோடு அனுப்புகிற பெற்றோலை இன்ஜெக்ரர் என்ற சின்னக் குழல் எஞ்சினுக்குப் பீச்சும். அந்தக் குழாய்க்குள் சதுர அங்குலத்துக்கு 35 முதல் 45 இறாத்தல் அழுத்தம் நிற்கிறது, உங்கள் ரயருக்குள் இருக்கிற காற்றைவிட அதிகம். எஞ்சினை நிறுத்திப் பல மணி நேரம் ஆனாலும் அது முழுவதும் இறங்கியிருக்காது. அப்படியே கிளிப்பைத் தளர்த்தினால் பெற்றோல் முகத்துக்கும் கண்ணுக்கும் சீறும், சூடான எஞ்சின் மேலும் விழும். வீடியோக்களில் பலர் இந்த இடத்தை ஒரு சொல்லில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதுதான் கோபம்.

அழுத்தத்தை இறக்கும் முறை இதுதான். விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். பெற்றோல் மூடியை ஒருமுறை திறந்து காற்றை விட்டு மூடுங்கள். டாஷ்போட்டுக்குக் கீழே பியூஸ் பெட்டி இருக்கிறது, அதன் மூடியில் எது பெற்றோல் பம்புக்கு என்று போட்டிருக்கும். ஜப்பானில் இருந்து நேரே வந்த கார் என்றால் ஜப்பான் எழுத்தில் இருக்கும், கைபேசியால் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்க்கலாம். சரியான பியூஸ்தானா என்று அறிய இன்னொரு வழியும் இருக்கிறது. சாவியை ஓனில் வைத்தால் பின் சீற்றுப் பக்கம் சில செக்கன் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும், அதுதான் பம்ப். பியூஸைக் கழற்றிய பிறகு அந்தச் சத்தம் வராவிட்டால் சரியானதைத்தான் கழற்றியிருக்கிறீர்கள். இப்போது எஞ்சினை ஸ்ராட் பண்ணி ஓடவிடுங்கள். குழாயில் மிஞ்சியிருக்கிற பெற்றோலைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும். நின்ற பிறகு இரண்டு மூன்று தரம் ஸ்ராட்டரை அடித்துப் பாருங்கள். பிறகு சாவியை எடுத்துவிட்டுப் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் பில்டருக்குள்ளே கொஞ்சப் பெற்றோல் இருக்கத்தான் செய்யும், அதற்கு ஒரு பாத்திரமும் பழந்துணியும் வேண்டும்.

இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். போர்ட்டிகோவுக்குள் செய்யாதீர்கள், காரைத் தள்ளிக்கொண்டு போய் முற்றத்தில் வெளிக் காற்றில் விடுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, புகை போல மேலே போகாது, நிலத்தோடு நிலமாகத் தவழ்ந்து போகும், கண்ணுக்கும் தெரியாது. குசினியில் காஸ் அடுப்பு, சாமியறையில் விளக்கு, விறாந்தையில் நுளம்புத்திரி, கிணற்றடியில் மோட்டர் சுவிட்ச், இதில் ஒன்று போதும். வீட்டில் உள்ளவர்களிடம் இன்ன நேரம் இந்த வேலை செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நெருப்பணைக்கும் பவுடர் சிலிண்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு வாளி நிறைய உலர்ந்த மணலைப் பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் வாளி உதவாது, பெற்றோல் தண்ணீருக்கு மேலே மிதந்து நெருப்பைப் பரப்பும். சின்னப் பிள்ளைகளை உள்ளே வைத்திருங்கள். கண்ணாடி போடுங்கள், கையுறை போடுங்கள்.

கழற்றும்போது குழாயை இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள். இருபது இருபத்தைந்து வருட ரப்பர் தகரக் குழாயோடு ஒட்டிப்போய் இருக்கும். கிளிப்பைத் தளர்த்திப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மேலே ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து, குழாயை இடம் வலமாக மெல்லத் திருகுங்கள், ஒட்டு விட்டுவிடும். பிறகு இழுத்தால் வரும். வந்தவுடன் குழாயின் வாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் பில்டரோடு சேர்த்து அந்தக் குழாய்த் துண்டையும் மாற்றுங்கள். கடையில் இன்ஜெக்ரர் கார்களுக்கான உயர் அழுத்தக் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாயோ மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற பிளாஸ்ரிக் குழாயோ அந்த அழுத்தத்துக்கு நிற்காது. கிளிப்பும் புதிது போடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புதிய பில்டரில் ஓர் அம்புக்குறி இருக்கும். பெற்றோல் தாங்கியில் இருந்து எஞ்சினுக்குப் போகிற பக்கம் அது நோக்க வேண்டும். மாறிப் பூட்டினாலும் கார் ஓடும், அதுதான் ஆபத்து, உள்ளே இருக்கிற கடதாசி சீக்கிரமே கெட்டு, இன்ஜெக்ரர் வரை தூசு போய்ச் சேரும். குழாயை ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, தகரக் குழாயில் இருக்கிற அந்தப் புடைத்த வளையத்தைத் தாண்டிய பிறகு கிளிப்பை இறுக்குங்கள். வளையத்தின் மேலேயே இறுக்கினால் இன்று பிடிக்கும், ஒரு மாதத்தில் கசியும்.

பூட்டி முடித்ததும் பியூஸை வையுங்கள், பற்றரியைக் கொடுங்கள். உடனே ஸ்ராட் பண்ணாதீர்கள். சாவியை ஓனில் வைத்து சில செக்கன் விட்டு மூடுங்கள், இப்படி மூன்று நாலு தரம். பம்ப் ஓடிப் புதிய பில்டரை நிரப்பும். இப்போது இறங்கிப் போய் ஒரு வெள்ளைக் கடதாசியால் இரண்டு முனையையும் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கடதாசி நனைந்தால் திரும்பக் கழற்றிப் பூட்ட வேண்டியதுதான். காய்ந்திருந்தால் ஸ்ராட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி அதே சோதனை. அடுத்த நாள் காலையில் ஒருமுறை மூக்காலும் பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனித்தான் வருகிறது. பழைய பில்டரை எறிந்துவிடாதீர்கள். அதன் உள்வரும் வாயை, அதாவது தாங்கிப் பக்கம் இருந்த வாயை, ஒரு வெள்ளைக் கோப்பைக்குள் கவிழ்த்துக் குலுக்குங்கள். தாங்கிக்குள் என்ன நடக்கிறது என்று காரைக் கழற்றாமல் தெரிந்துகொள்ள இதைவிட லேசான வழி கிடையாது. 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், கிடைத்தபோது கிடைத்ததைச் சேமித்து வைப்போம் என்று கொட்டிலில் கிடந்த ஒரு பழைய தகரக் கானில் ஊற்றி வைத்து, அதைத்தான் பிறகு காருக்கு விட்டேன். நாலைந்து மாதம் கழித்துக் கார் இழுக்கவில்லை. பில்டரைக் கழற்றிக் கோப்பையில் கவிழ்த்தேன். வந்தது வெறும் தேயிலைச் சாயம் போல இருந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் விட்டதும் அடியில் செம்மண் போல ஒரு மெல்லிய படிவு இறங்கியது, அதற்கு நடுவே மூன்று நாலு தண்ணீர் முத்துகள், பெற்றோலுக்கு அடியில் உருண்டு உருண்டு நின்றன. காந்தத்தைக் கோப்பைக்கு அடியில் வைத்து நகர்த்தினால் அந்தப் படிவு பின்னாலேயே வந்தது. கான் உள்ளே துருப்பிடித்து இருந்திருக்கிறது, நான் உள்ளே ரோர்ச் அடித்துப் பார்க்கவில்லை.

ஆகவே நீங்களும் பாருங்கள். செம்படிவும் காந்தத்துக்கு நகர்வதும் என்றால் துரு, தாங்கியையே கழற்றிக் கழுவ வேண்டி வரலாம், அது கராஜ் வேலை, அதைச் செய்யாவிட்டால் இந்தப் புதிய பில்டரும் சில மாதத்தில் அடைக்கும். கறுப்பாகக் குழைந்து வந்தால் எங்கோ ஒரு ரப்பர் குழாய் உள்ளே கரைகிறது. தண்ணீர் முத்துகள் என்றால் பெற்றோல் மூடியின் ரப்பரைப் பாருங்கள். ஒன்றும் இல்லாமல் இலேசான அழுக்கு மட்டும் வந்தால், அது தன் வேலையைச் செய்து வயது போன பில்டர், நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: என் காரின் பில்டரை மாற்றப் போகிறேன் என்றதும் மாமா, "ஏன் காசைக் கரியாக்குகிறாய், மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பப் போடு, நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் ஓடினோம்" என்கிறார். அவர் வாகனம் தெரிந்தவர். உண்மையா?
வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: மாமா சொல்வது உண்மை, அந்தக் காலத்துக்கு. 90 களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது பெற்றோல் என்பது மருந்துக்குத்தான். மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காபிரேற்றருக்கு விட்டு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய தலைமுறை அது. ஒஸ்ரின் ஏ40 யும் மொறிஸ் மைனரும் அதையும் தாங்கி ஓடின. மாமா போன்றவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் வாகனத்தை உயிரோடு வைத்திருந்தார்கள், அவர்களிடம் கேட்டுப் படிக்க எவ்வளவோ இருக்கிறது.

ஆனால் அவர் கழுவிய பில்டர் வேறு. மொறிஸ் மைனரின் மின் பம்பைக் கழற்றினால் உள்ளே ஒரு கம்பி வலை இருக்கும், அதைத் தூரிகையால் தேய்த்துக் கழுவித் திரும்பப் போடலாம், இன்றைக்கும் அதற்கு அதுதான் முறை. உங்கள் காரில் இருப்பது மடித்து மடித்து வைத்த கடதாசி. அதன் துளைகள் 10 மைக்ரோன் அளவில் இருக்கும், தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் என்று வைத்துப் பாருங்கள். அந்தத் துளைக்குள் போய் அடைத்த தூசு மண்ணெண்ணெய்க்கு வெளியே வராது. காற்றடித்தால் ஒன்றில் வராது, அல்லது கடதாசி கிழிந்து வரும். கிழிந்தால் கார் முன்னையைவிட நன்றாக இழுக்கும், மாமாவும் நீங்களும் சந்தோசப்படுவீர்கள், தூசு முழுவதும் இன்ஜெக்ரருக்குப் போய்க்கொண்டிருக்கும். ஓர் இன்ஜெக்ரரின் விலையில் எத்தனையோ பில்டர் வாங்கலாம்.

இன்னொன்று. பில்டரை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதும், குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுப்பதும் அந்தக் காலத்துப் பழக்கம்தான், தயவுசெய்து அதைத் தொடராதீர்கள். விழுங்கினாலும் கேடு, புரையேறிச் சுவாசப்பைக்குள் ஒரு மிடறு போனால் அதைவிடப் பெரிய கேடு. யாருக்காவது அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: அண்ணா, போன கிழமை கராஜில் கொடுத்து பில்டர் மாற்றினேன். இரண்டு நாளாகக் காலையில் காரைத் திறந்தால் பெற்றோல் மணக்கிறது. கராஜில் கேட்டால் புதிதாக மாற்றினால் அப்படித்தான் மணக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகிற கார், பயமாக இருக்கிறது.
உரும்பிராய் வாசகி

பதில்: அக்கா, நீங்கள் பயப்படுவது சரி, அவர்கள் சொன்னது பிழை. வேலை செய்த அன்று சிந்திய பெற்றோல் மணக்கும், அது அன்று பின்னேரமே காய்ந்துவிடும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மணந்தால் எங்கோ கசிகிறது. இனி அந்தக் காரை ஸ்ராட் பண்ணாதீர்கள், கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வந்தால், பழைய கிளிப்பையே திரும்பப் போட்டார்களா என்று கேளுங்கள். செப்பு வாசர் வைத்து இறுக்குகிற மாதிரிக் கார் என்றால் வாசர் புதிது போட்டார்களா என்று கேளுங்கள், ஒருமுறை நசுங்கிய வாசர் மறுமுறை பிடிக்காது. சரிசெய்து முடித்த பிறகு எஞ்சினை ஓடவிட்டு உங்கள் கண் முன்னால் கடதாசியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். வர மறுத்தால் வேறு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், இதில் முகத்தாட்சணியம் பார்க்க வேண்டாம். இருட்டில் பார்க்க வேண்டி வந்தால் ரோர்ச் மட்டும், நெருப்புக்குச்சியோ லைட்டரோ அந்தப் பக்கமே போகக்கூடாது.

கேள்வி: விற்ஸ் வைத்திருக்கிறேன், பொனற்றுக்குள்ளும் காருக்கு அடியிலும் தேடியும் பெற்றோல் பில்டர் கிடைக்கவில்லை. நண்பன் அக்குவா வைத்திருக்கிறான், அவனும் தேடுகிறான். எங்கே இருக்கிறது?
நல்லூர் வாசகர்

பதில்: தேடிக் கிடைக்காது. இப்போதைய கார்களில் பில்டர் தாங்கிக்குள்ளேயே, பம்போடு சேர்ந்த ஒரே கூட்டுக்குள் இருக்கிறது. விற்ஸில் பின் சீற்றைத் தூக்கினால் ஒரு மூடி, அதற்குக் கீழே அந்தக் கூடு. இதற்குக் குறிப்பிட்ட கிலோமீற்றர் கணக்கில் மாற்று என்று கம்பனி பொதுவாகச் சொல்வதில்லை, கார் இருக்கிற வரை இருக்கட்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள். அதனால் சேர்விஸுக்கு விட்ட இடத்தில் ஒருவர் பில்டரும் மாற்ற வேண்டும் என்றால், ஏன் என்று கேளுங்கள். கார் இழுக்காத குறை இருந்து, அழுத்தம் பார்த்து, குறைவாக இருந்தால் சரி. ஒரு குறையும் இல்லாமல் மாற்றுவது வீண்.

மாற்றத்தான் வேண்டும் என்றாலும் இதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். மூடியைத் திறந்தால் தாங்கியின் வாய் காருக்குள்ளேயே திறக்கிறது, ஆவி முழுவதும் நீங்கள் குனிந்து நிற்கிற இடத்தில். மூடியை இறுக்கும் வளையத்துக்குத் தனி ஆயுதமும் புதிய ரப்பர் வளையமும் வேண்டும். உங்கள் நண்பனுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அக்குவாவில் ஹைபிரிட் பற்றரியும் பின் சீற்றுக்கு அடியில்தான் இருக்கிறது. உயர் மின்னழுத்தமும் பெற்றோல் ஆவியும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள இடத்தில் பழகாத கை போகவே கூடாது. ஹைபிரிட் படித்தவர்களிடம் விடட்டும்.

கேள்வி: எங்களுடையது டொல்பின் வான், டீசல். மாரி தொடங்கியதில் இருந்து டாஷ்போட்டில் பில்டர் லைட் எரிந்து எரிந்து அணைகிறது. வான் ஓடுகிறது. பில்டரை நானே மாற்றினால் ஸ்ராட் வராமல் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
காரைநகர் வாசகர்

பதில்: அந்த லைட் பில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்கிறது. உடனே பில்டரை மாற்ற ஓட வேண்டாம், முதலில் தண்ணீரை இறக்குங்கள். பில்டரின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. கீழே ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு அதைக் கொஞ்சம் தளர்த்தி, மேலே இருக்கிற கைப்பம்பை அமுக்குங்கள். முதலில் கலங்கலாக, சில வேளை வெறும் தண்ணீராகவே வரும். சுத்தமான டீசல் வரும் வரை அமுக்கிவிட்டுத் திருகைக் கையால் இறுக்குங்கள். போத்தலைக் கொஞ்ச நேரம் வைத்தால் கீழே தண்ணீரும் மேலே டீசலுமாகப் பிரிந்து நிற்கும், எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை விரற்கடை என்றால் மாரியின் வேலை. அரைத் தாங்கியோடு இரவில் நிறுத்தினால், மேலே இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகி டீசலுக்குக் கீழே போய்ச் சேரும். ஐப்பசி முதல் மார்கழி வரை தாங்கியை நிரப்பி வைத்தே ஓடுங்கள், பாதி குறையும். போத்தலில் கால்வாசி தண்ணீர் என்றால் வேறு கதை, டீசல் அடித்த இடத்தையோ, வெள்ளத்துக்குள் போனதையோ, தாங்கியின் மேல் பக்கத் துருவையோ யோசிக்க வேண்டும். காரைநகரில் நீங்கள் கடலைத் தாண்டித்தான் போய் வருகிறீர்கள், உப்புக்காற்று அடிப்பக்கத்துத் தகரக் குழாய்களைத் தின்றுவிடும். ஒருநாள் வானுக்கு அடியில் ரோர்ச்சோடு பார்த்து, குழாய் பொருக்கு வெடித்திருந்தால் கசிய முன்னமே மாற்றுங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவும் பழக்கமும் வேண்டும்.

பில்டரை மாற்றுவதும் கையால் முடிகிற வேலைதான். பழையதைத் திருகிக் கழற்றுங்கள், அடியில் இருக்கிற தண்ணீர் உணரியை வயரோடு கவனமாக எடுத்துப் புதியதில் பூட்டுங்கள், அதன் ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும். பில்டரின் மேல் ரப்பரில் டீசலைத் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று, அவ்வளவுதான், ஸ்பனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்ற முடியாது. ஸ்ராட் வராது என்று பயமுறுத்துவது காற்றைப் பற்றித்தான். டீசல் எஞ்சினுக்குக் குழாய்க்குள் காற்று இருந்தால் ஆகாது. கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருங்கள், முதலில் வெறுமையாகப் போகும், முப்பது நாற்பது அமுக்கில் கனக்கத் தொடங்கும், கையை எதிர்த்து நிற்கும்போது காற்று போய்விட்டது. பிறகு ஸ்ராட் அடித்தால் கொஞ்சம் இருமிவிட்டு எழும்பும்.

இது உங்கள் டொல்பின் போன்ற பழைய எஞ்சினுக்கு. எல்லா இன்ஜெக்ரருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயில் இருந்து டீசல் போகிற புதிய கொமன் ரெயில் டீசல் வாகனம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எஞ்சின் பக்கத்துக் குழாய் எதையும் தளர்த்த வேண்டாம், ஓடும்போது அதற்குள் 1,000 பாருக்கு மேல், ரயர்க் காற்றைப் போலப் பல நூறு மடங்கு, அழுத்தம் இருக்கிறது, தோலைத் துளைத்து உள்ளே போகும். புதிய பில்டருக்குள் வெளியில் இருந்து டீசலை ஊற்றி நிரப்பவும் வேண்டாம், வடிகட்டாத டீசல் நேரே பம்புக்குப் போகும்.

கேள்வி: மாற்றிய பிறகு மிஞ்சுகிற பெற்றோலையும் பழைய பில்டரையும் என்ன செய்வது? வேலி ஓரத்தில் ஊற்றிவிடலாமா?
சுன்னாகம் வாசகர்

பதில்: ஊற்றாதீர்கள், அதுவும் சுன்னாகத்தில் இருந்துகொண்டு. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்து ஊர் பட்ட பாட்டை நீங்கள் நேரே பார்த்திருப்பீர்கள். நம் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல், வெடிப்பும் துளையுமாக இருக்கிறது, மேலே ஊற்றியது கீழே தண்ணீரில் போய்ச் சேர அதிக நாள் எடுக்காது. வேலி ஓரத்தில் ஊற்றியது உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வளவுக் கிணற்றுக்கோதான் போகும். மிஞ்சியதைப் பெற்றோலுக்கென்று உள்ள கானில் விட்டு, பழைய பில்டரையும் ஒரு தகர டப்பாவில் போட்டு, கழிவு எண்ணெய் சேர்க்கிற கராஜில் கொடுங்கள். குடிக்கிற சோடாப் போத்தலில் விட்டு வைக்க வேண்டாம், வீட்டில் யாராவது தாகத்துக்கு எடுத்துவிடுவார்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல், வீட்டுக்குத் தள்ளி வெளியில் கொடியில் ஒற்றையாக விரித்துவிடுங்கள், பின்னேரத்துக்குள் மணம் போய்விடும், பிறகு குப்பைக்குப் போடலாம்.